அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தனியார் வங்கியொன்றில் வேலை செய்கிறேன். கனடாவிலிருந்து வந்த மச்சானோடு மாலைதீவுக்குப் போய் ஸ்கூபா டைவிங் செய்தேன். மூன்றாம் நாள் தோள் வலி, கால் விறைப்பு. டைவிங் அழுத்த நோய் என்று, அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறையில் மூன்று தரம் வைத்தார்கள். பில் 7,200 டொலர். மச்சான் இணையத்தில் எடுத்துத் தந்த டைவிங் காப்புறுதி 'இரண்டாம் நிலை'யாம், முதலில் வங்கியின் மருத்துவக் காப்புறுதியிடம் போகட்டாம். அவர்கள் இரண்டு இலட்சம் ரூபாவுக்கு ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். டைவிங் கம்பனி மீதியில் பாதிதான் தருமாம். என்னிடம் இருப்பது தொடக்கநிலைச் சான்றிதழ். இறங்கிய ஆழத்தைப் பதிகிற டைவ் கம்பியூட்டரோ 27 மீற்றர் காட்டுகிறது. வழிகாட்டிதான் அவ்வளவு ஆழத்துக்கு இறக்கினான். மச்சான் இப்போது போனே எடுப்பதில்லை. கம்பியூட்டர் பதிவைக் கொடுக்கத்தான் வேண்டுமா? முதன்மைக் காப்புறுதி எடுத்திருந்தால் தப்பியிருப்பேனா?
– கொக்குவில் வாசகர்

பதில்: மச்சான் போன் எடுக்காதது குடும்ப விஷயம். வழிகாட்டியையும் விடுங்கள், படகு ஏறுமுன் நீங்கள் கையெழுத்திட்ட பொறுப்புவிலக்குப் பத்திரமும் மாலே நீதிமன்றமும் குறுக்கே நிற்கின்றன. நான் தேடியது ஒன்றைத்தான்: வங்கிக் காப்புறுதியின் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. போடவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதன்மைக் காப்புறுதி, வேறு யார் தருவார்கள் என்று கேட்காமல் தானே முதலில் கொடுக்கும். இரண்டாம் நிலை, முதல் கம்பனி கைவிட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும். ஆகவே முதல் கம்பனி எவ்வளவு கொடுத்தது, மிச்சத்தை ஏன் மறுத்தது என்ற கடிதம்தான் உங்கள் மூலதனம். 'ஆபத்தான விளையாட்டு, ஒரு சதமும் இல்லை' என்று வந்தால்கூட அது நல்ல கடிதம்தான்.

அந்தப் படிவத்தில் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்றொரு வரி இருக்கும். அதன் கீழ் கையெழுத்து விழுந்தால், 'முதல் கம்பனி மறுக்கவில்லையே, நீராகத்தானே விட்டுக்கொடுத்தீர்' என்று இரண்டாவது கம்பனி கேட்கும். இரண்டு இலட்சம்தான் உச்சவரம்பு என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். படிவத்திலும் 'உச்சவரம்புத் தொகையாகப் பெற்றுக்கொண்டேன்' என்று மாற்றிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அடுத்தது அசல் பில். என் கட்சிக்காரர் ஒருவர் எல்லா அசல்களையும் முதல் கம்பனியிடம் கொடுத்தார். அவர்கள் 'செலுத்தப்பட்டது' என்று முத்திரை குத்திக் கோப்பில் போட்டுவிட்டார்கள். இரண்டாவது கம்பனி அசல் கேட்டபோது அவர் என் மேசையில் வைத்தது, வெப்பத்தாளில் அடித்த ரசீதுகளின் போட்டோக்கொப்பி. நம்மூர் வெயிலில் ரசீது முன்னமே வெளுத்திருந்தது. கொப்பியில் தொகை எங்கே, திகதி எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். அசலை மீட்க ஐந்து மாதம். அதற்குள் இரண்டாவது கம்பனியின் அறிவித்தல் காலம் முடிந்திருந்தது. பல பொலிசிகளில் அந்தக் காலம் ஓடுவது விபத்து நாளிலிருந்து. முதல் கம்பனியின் முடிவு வந்த நாளிலிருந்து அல்ல. அதனால் இரண்டு கம்பனிக்கும் ஒரே நாளில் அறிவியுங்கள், 'முதல் கம்பனியின் முடிவு பின்னர் வரும்' என்று ஒரு வரி போதும். அசலைக் கொடுக்குமுன் உறுதிப்படுத்திய பிரதிகளை எடுத்து வைத்துவிடுங்கள்.

'எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் இருக்கிறதே' என்று யாராவது 1871 ஆம் ஆண்டு காலாவதிச் சட்டத்தைக் காட்டுவார்கள். அது நம் நீதிமன்றத்தில் வழக்குப் போடும் காலம். உங்கள் டைவிங் பொலிசி வெளிநாட்டில் வாங்கியது. தகராறு எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்று அதன் கடைசிப் பக்கங்களில் பாருங்கள். பெரும்பாலும் யாழ்ப்பாணமாக இராது. வங்கிக் காப்புறுதி குறைத்துத் தந்தால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவர்) செலவில்லாமல் முறையிடலாம். வெளிநாட்டுக் கம்பனிக்கு அந்த வழியும் இல்லை.

இனி ஆழம். தொடக்கநிலைச் சான்றிதழுக்குப் பொதுவாக 18 மீற்றர்தான். மேல்நிலைக்கு 30; மாலைதீவின் பொழுதுபோக்கு டைவிங் எல்லையும் அதுவே. முதன்மை எடுத்திருந்தாலும், சான்றிதழ் ஆழத்தை மீறினால் பணத்தை மறுக்கும் விலக்குப் பிரிவு இருக்கலாம், 27 மீற்றர் அங்கேயும் 27 மீற்றர்தான். பதிவை மறைத்து மாட்டினால், இப்போது கிடைக்கிற பாதியும் போய்விடும். கொடுங்கள்.

ஆகவே, பாதியை வாங்குங்கள். வழக்காடினால் மிச்சப் பாதி வழக்குச் செலவுக்கே காணாது. ஏற்குமுன் ஒரு கணக்கு மட்டும் பாருங்கள்: இரண்டு இலட்சத்தை ஒருமுறை கழித்துவிட்டு மீதியில்தான் பாதி போட்டார்களா, அல்லது பாதியிலிருந்து இன்னொரு தரம் கழிக்கப் பார்க்கிறார்களா? இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தரம் கடலில் இறங்குவதென்றால், வங்கிக் காப்புறுதி இவ்வளவு சின்னதாக இருக்கும்வரை முதன்மையே எடுங்கள். ஊரில் கனமான மருத்துவக் காப்புறுதி, அதுவும் வெளிநாட்டில் செல்லுபடியாகக்கூடியது வைத்திருப்பவருக்குத்தான் இரண்டாம் நிலை பொருந்தும். வாங்குமுன், சான்றிதழை மீறிய ஆழத்தைப் பற்றிப் பொலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள், அல்லது மேல்நிலைச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.