தாய்–சேய் நலம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவள் நான். எட்டு மாத மகனை மாமியார் பார்த்துக்கொள்கிறார். கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் நான் இல்லாத நேரத்தில்தான் வருகிறார்கள். ‘குறை கண்டுபிடிக்க வருகிறார்கள்’ என்று சொல்லி, மாமியார் குழந்தையைக் காட்டவே தயங்குகிறார். இவர்கள் வருவதால் அப்படி என்ன பயன்?
— வாசகி, சின்ன ஏர்வாடி

பதில்: உங்கள் மாமியாரின் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். வந்தவர் எடை பார்த்து, பதிவேட்டில் எழுதி, சத்துமாவு வாங்கினீர்களா என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டால், அது சோதனை போலத்தான் தோன்றும். ஆனால் இந்த வருகையின் நோக்கம் அதுவன்று. 2018ஆம் ஆண்டு நாடு முழுவதற்குமாக வகுக்கப்பட்ட திட்டத்தின்படி, குழந்தையின் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் வீட்டுக்கு வந்து, தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் உணவு, வளர்ச்சி, தடுப்பூசி, கை கழுவும் பழக்கம் ஆகியவற்றோடு, குழந்தையோடு பேசுவது, விளையாடுவது பற்றியும் பெற்றோரிடம் பேச வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தக் கடைசிப் பகுதிதான் என்பது என் மனக்குறை.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு ஜமைக்கா நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று சான்று. 1986–87இல் தலைநகர் கிங்ஸ்டனில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 ஏழைக் குழந்தைகளை அந்த ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் ஒரு மணி நேரம் சென்று, வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்மாருக்குக் காட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஈட்டிய வருமானம் அத்தகைய வருகை கிடைக்காதவர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. கூடுதல் சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. உணவு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை, உணவோடு பேச்சும் விளையாட்டும் சேர வேண்டும் என்பதே பொருள்.

உங்கள் வீட்டில் பகல் முழுதும் குழந்தையோடு இருப்பவர் மாமியார் என்பதால், செவிலியர் பேச வேண்டியதும் முதலில் அவரோடுதான். நீங்கள் கடலுக்குப் போகாத நாள்களை அங்கன்வாடிப் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லி, உங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசும்படி ஒரு வருகையாவது கேட்டு வாங்குங்கள். அப்படிக் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அன்று மாமியார் தாலாட்டிக் காட்டட்டும், கொட்டாங்குச்சியைத் தட்டி விளையாட்டுக் காட்டட்டும். தனக்குத் தெரிந்த பலவும் இந்தத் திட்டம் சொல்வதுதான் என்று அறிந்தால் அவருடைய அச்சம் குறையும். மகனுக்கு ஒன்பது மாதம் நிறைந்ததும் போட வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியின் தேதியையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் கணவர் ஊரான தொண்டியில் கர்ப்பத்தைப் பதிவு செய்திருந்தாள், தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, இங்குள்ள மருத்துவமனையில் பெற்றெடுத்தாள். பதினைந்து நாள் ஆகியும் யாரும் பார்க்க வரவில்லை. எங்கே கேட்பது?
— ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: பதிவு ஓரூரிலும் பிள்ளை வேறோர் ஊரிலும் இருக்கும்போது இத்தகைய விடுபடல் நேர்கிறது. மருத்துவமனைப் பிரசவமானால் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில், ஆறு முறை வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. மகளின் பிக்மி எண்ணோடு (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்றே சென்று, பேரக்குழந்தை உங்கள் வீட்டில் இருப்பதைச் சொல்லுங்கள். தொண்டிப் பக்கத்துச் செவிலியருக்கும் தொலைபேசியில் தெரிவித்துவிடுங்கள். கணவர் ஊருக்குத் திரும்பும்போதும் இதே போல் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும்.

வருகைக்காகக் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சுட்டாலோ, தொட்டால் சில்லிட்டிருந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தாலோ, உடனே 108க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கை வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்த வேண்டாம்.