அம்மாவுக்கு எந்த ஹீற்றர்?

கேள்வி: வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு. பழைய 30 லீற்றர் கீஸர் ஒழுகுகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி, பச்சைத் தண்ணீர் ஆகாது. தொட்டியில்லாத உடனடி ஹீற்றர் வாங்கலாமா? வட்டியில்லாத் தவணையும் உண்டாம்.
– வாசகி, கொழும்பு 6

பதில்: முதலில் கீஸரின் அடியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். குழாய்ப் பொருத்தில் கசிந்தால் சின்ன வேலைதான். தொட்டியே ஓட்டையென்றால் காசைக் கொட்டாதீர்கள், மாற்றுங்கள்.

உடனடி ஹீற்றர் விலை குறைவு, சரி. ஆனால் 5 கிலோவொற் ஹீற்றர் ஏறக்குறைய 22 அம்பியர் இழுக்கும். கீஸருக்குப் போட்ட பழைய வயர் அநேகமாகத் தாங்காது. பிரதான பலகையிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டிவரும். கடைக்காரர் அந்தச் செலவைப் பற்றி வாயே திறக்கமாட்டார்!

அம்மா வாளியில் அள்ளிக் குளிப்பவரென்றால் 15 லீற்றர் கீஸரே தாராளம். ஒருமுறை சூடாக்க அரை யூனிட்தான் போகும். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மின்வேலைக்காரரிடம் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

தவணை என்றால் வங்கி எடுக்கும் கட்டணம் எவ்வளவு, கைக்காசுக்கு விலை எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். அப்புறம், தொட்டிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.