வாக்கி டாக்கி வாங்கிவிட்டேன், இனிப் பேசலாமா?

கேள்வி: சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கிறேன், வயது 52. இணையத்தில் ஒரு சீன வாக்கி டாக்கி வாங்கினேன். அதில் ஹாம் வானொலிக்காரர்கள் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) பேசிக்கொள்வது கேட்கிறது. எனக்கும் பேச ஆசை. தேர்வு எழுதாமலே உரிமம் வாங்கித் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. பேசினால் சிரிப்பார்களோ என்றும் தயக்கம். என்ன செய்யட்டுங்க ஐயா?

பதில்: அந்தப் பேச்சுப் பொத்தானை இப்போது அழுத்தாதீர்கள். நம் நாட்டில் இத்தகைய கருவியைக் கொண்டு பேசுவதற்கு மட்டுமன்றி, அதை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லவில்லை என்றால் கருவியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.

உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய வாக்கி டாக்கியும் உண்டு என்று கடைக்காரர் வாதிடுவார். அது உண்மைதான்: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு பகுதிக்கு அரசு விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் அந்த விலக்கு, அதற்கென்று விதித்த வரம்புகளுக்குள் செய்யப்பட்டு ஒப்புதல் பெற்ற கருவிகளுக்கே பொருந்தும். உங்கள் கருவியில் 446 என்று எண்ணை அமைக்க முடிவதாலேயே அது விலக்குப் பெற்ற கருவி ஆகிவிடாது. மேலும், அந்தப் பகுதியில் பேசுவது ஹாம் வானொலியும் ஆகாது. ஹாம்கள் கைக்கருவியில் பேசுவது பெரும்பாலும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸுக்குள். அங்கே விலக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் மாட்டிக்கொண்டவர்கள் பலர் என்பதால்தான் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

15,000 ரூபாய் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். தேர்வில்லாமல் உரிமம் என்று ஒன்று கிடையாது. 20 ஆண்டு உரிமத்துக்கு அரசுக் கட்டணம் 1000 ரூபாய், ஆயுள் உரிமத்துக்கு 2000 ரூபாய். விண்ணப்பத்தைத் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் நீங்களே அனுப்பலாம். தொடக்கநிலை உரிமத்துக்கு, புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் குறியீடு தெரிய வேண்டியதில்லை. மின்னியல், வானொலி அடிப்படைகளும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும். 12 வயதுப் பிள்ளைகள் எழுதும் தேர்வு இது. நாள்தோறும் தறி மோட்டாரோடு பழகும் உங்களுக்கு ஓம் விதி எம்மாத்திரம்? ஆனால் காத்திருப்புக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். என் விண்ணப்பம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்து முடிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. பொழுதுபோக்குக்காகக் கற்க வரும் ஒருவரை இப்படிக் காக்க வைப்பது அநியாயம்; இடைத்தரகர்கள் பிழைப்பதே இந்தத் தாமதத்தால்தான்.

ஆங்கிலத்தைப் பற்றிய அச்சம் வேண்டாம். காலை வேளைகளில் 7 மெகாஹெர்ட்ஸில் தமிழிலேயே நலம் விசாரித்துக்கொள்கிறார்கள். உரிமத்தோடு வரும் உங்கள் அடையாளமான அழைப்புக்குறியை மட்டும், V, U என்பதற்கு 'விக்டர் யூனிஃபார்ம்' என்பதுபோல், எழுத்தெழுத்தாகச் சொல்லப் பழகினால் போதும். யாரும் சிரிக்க மாட்டார்கள். புதியவர் குரல் கேட்டால் மற்றவர்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவருக்கு இடம் விடுவதுதான் இங்குள்ள வழக்கம். என் முதல் நாளில் கை நடுங்கிக்கொண்டிருந்த எனக்கும் அப்படித்தான் இடம் கிடைத்தது.

அதற்குள் கேட்கப் பழகுங்கள். நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் உள்ள வானொலிப் பெட்டியை இணையம் வழியாக நீங்களே அலைவரிசை மாற்றி மாற்றிக் கேட்கலாம். பேசுமுன் அந்த அலைவரிசையில் வேறு யாரேனும் இருக்கிறார்களா என்று கேட்பதும், ஒருவர் முடித்ததும் ஓரிரு நொடி விட்டுத் தொடர்வதும் அங்கே காதில் விழும். அந்த ஓரிரு நொடி இடைவெளி வெறும் நாகரிகத்துக்காக அன்று. அவசரச் செய்தி உள்ளவர் நுழைவதற்கான வாசல் அது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அங்கிருந்து வானொலியில் பேசுவதற்கென்றே போர்ட் பிளேயருக்குச் சென்றிருந்த ஹாம் வானொலிக்காரர் பாரதி பிரசாத் குழுவினர் பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிகளைக் கொண்டே செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார்கள். அரசியல், மதம், வியாபாரம் மூன்றையும் அலைவரிசைக்குக் கொண்டுவராதீர்கள். நூல் விலையைக்கூட அங்கே பேசக் கூடாது.

உரிமம் கைக்கு வந்தபின், 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஆண்டெனாவாகச் சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பி போதும். நடுவில் பிரித்து அங்கிருந்து கேபிள் இறக்கி, இரண்டு தென்னை மரங்களுக்கு இடையே கட்டிவிடலாம். தறிக்கூடத்து மோட்டார்களின் மின் இரைச்சல் அதில் நன்றாகக் கேட்கும் என்பதால், கூடத்தை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளித் தோட்டத்துப் பக்கம் கட்டுங்கள். மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ அதை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள்.