கணக்கு வராத பிள்ளைக்கு என்ன படிப்பு?

மகளுக்குக் கணக்கு வரவில்லை, எந்தப் பக்கம் அனுப்புவது என்று கவலைப்படுகிறீர்கள். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அவளுக்குக் கணக்குப் பாடம் பிடிக்கவில்லையா, எண்களே குழப்புகின்றனவா? சில்லறை எண்ணவும் மணி பார்க்கவும் சின்ன வயதிலிருந்தே திணறுகிறாள் என்றால், அது டிஸ்கால்குலியா என்னும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். தயவுசெய்து சோம்பேறி என்று திட்டாதீர்கள், உளவியலாளரிடம் ஒருமுறை அழைத்துப் போங்கள்.

வெறும் பிடிக்காமைதான் என்றால் வழி நிறைய இருக்கிறது. மொழிபெயர்ப்பு, பதிப்புத் துறை, மொழி ஆசிரியர் பணி, சமூகப்பணி, சைகைமொழி பெயர்ப்பு, வீடியோ எடிட்டிங் இவற்றிலெல்லாம் அன்றாட வேலை சொல்லோடும் மனிதர்களோடும் படங்களோடும்தான். சட்டமும் அப்படித்தான், வரி வழக்குகள் பக்கம் போகாதவரை.

பெற்றோர் ஏமாறுவது வேறு இடத்தில். உளவியலில் கணக்கே இல்லை என்று நம்பிச் சேர்த்துவிடுகிறார்கள். உள்ளே போனால் புள்ளியியல் தாள் காத்திருக்கிறது: சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு. ஆய்வறிக்கைக்கும் பெரும்பாலும் அது வேண்டும். ஆனால் படிப்பை முடித்து ஆலோசகராக உட்கார்ந்தபின், வேலை பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்பதுதான். வாசலில் மட்டும் கணக்கு. ஓரிரு தாள்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட முடியும் என்றால், அந்தப் பயத்துக்காக இந்தத் துறையை விட வேண்டாம் என்பேன்.

நர்ஸிங் இதற்கு நேரெதிர். கணக்கு எளிது, ஆனால் தினமும் வரும். மருத்துவர் 250 மில்லிகிராம் எழுதியிருக்கிறார், பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று இருக்கிறது. அப்படியானால் 10 மில்லி கொடுக்க வேண்டும். இதில் தவறக் கூடாது. ஒரே மாதிரிக் கணக்குதான் திரும்பத் திரும்ப வரும், பழகினால் கை வந்துவிடும். பதற்றத்தில் கை நடுங்கும் பிள்ளை என்றால் மட்டும் நன்றாக யோசியுங்கள்.

விற்பனை மேலாளர் பதவியும் பேச்சுத்திறன் வேலை போலத் தெரியும். மாதக் கடைசியில் இலக்கு, தள்ளுபடி, லாப விகிதம் என்று எண்களிலேயே மூழ்க வேண்டியிருக்கும்.

அதனால் படிப்பின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாடத்திட்டத்தை வாங்கி, எண் சார்ந்த தாள்களை அவளையே பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். அப்புறம் அந்த வேலையில் இருக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து, "போன வாரம் எங்கே கணக்குப் போட்டீர்கள்?" என்று அவளே கேட்கட்டும்.