நியூ ஜெர்சி தோட்டத்துக்கு ஹம்மிங்பேர்ட் வர வேண்டுமா?

எடிசனுக்குக் குடிவந்து முதல் கோடை முடிகிறது, ஊரில் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டை மகள் இங்கே தேடுகிறாள், அதைப் போலவே பூவில் தேன் குடிக்கும் ஹம்மிங்பேர்ட் வர எந்தச் சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள், தங்கச்சி. பாட்டிலை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு கொடி நடுங்கள். செப்டம்பர் அதற்கு நல்ல மாதம்.

எங்கள் வீட்டிலும் மூன்று கோடைக்குப் பாட்டில்தான் தொங்கியது. வரும், ஒரு வாய் குடிக்கும், போய்விடும். வேலியில் டிரம்பெட் ஹனிசக்கிள் கொடி ஏறிய பிறகுதான் நாள் முழுக்க இங்கேயே சுற்றுகிறது. நர்சரியில் வெறும் ஹனிசக்கிள் என்று கேட்காதீர்கள். எனக்கு வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கும் ஜப்பான் வகை வந்துவிட்டது. இங்குள்ள காடுகளையே மூடுகிற கொடி அது; வேரோடு ஒழிக்க இரண்டு வருடம் ஆனது. செடியின் சீட்டில் லோனிசெரா செம்பர்விரென்ஸ் என்ற அறிவியல் பெயர் இருக்க வேண்டும்.

ஹம்மிங்பேர்டில் இந்தப் பக்கம் கூடு கட்டுவது ரூபி த்ரோட்டட் என்ற ஒரே இனம். 3 கிராம்தான் இருக்கும். குளிர்காலத்தை மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம் கழித்துவிட்டு ஏப்ரல் கடைசியில் வரும்போது காட்டு காலம்பைன் பூத்திருக்க வேண்டும். ஜூலைக்கு பீ பாம். ஆகஸ்டுக்கு கார்டினல் பூ. அதற்கு ஈரம் வேண்டும் என்பதால் கூரைத் தண்ணீர் இறங்கும் மூலையில் வைத்திருக்கிறோம். போன மாதம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று வந்து நின்றது. பூவுக்குள் அலகை விட்டு எடுத்தபோது நெற்றியில் பொட்டு வைத்தாற்போல மகரந்தம். அடுத்த பூவில் போய் அதை அப்படியே ஒற்றியது. மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

கொசு மருந்து அடிக்க ஆள் வந்து கதவைத் தட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குஞ்சுக்கு ஊட்டுவது சின்னப் பூச்சிகளைத்தான். கூட்டை இழுத்துக் கட்டுவது சிலந்தி நூலால். சிலந்தி இல்லாத தோட்டத்தில் அது குடியிருக்காது.

பாட்டிலும் மாட்டலாம், தப்பில்லை. ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு கப் தண்ணீர். சிவப்புச் சாயம், தேன், வெல்லம் எதுவும் கூடாது. வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்ற வேண்டும்.

வாடகை வீடென்றால் கொடிக்கு வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காலம்பைன் தொட்டியிலேயே வரும். சரி, ஊர் நினைவில் செம்பருத்தியும் தொட்டியில் வைத்திருந்தால்? இரவுக் குளிர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதற்குள் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.