அலுவலக நினைவையும் வெளி நினைவையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்ட ஊழியர்களைப் பற்றிய தொடர் 'செவரன்ஸ்'. அதன் மூன்றாம் சீசன் வரும் வரை எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

'ஹோம்கமிங்' முதல் சீசனைப் பாருங்கள். அமேசான் பிரைம், 2018, மொத்தம் 10 எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான மையத்தில் வேலை பார்த்த ஜூலியா ராபர்ட்ஸுக்கு, அங்கே என்ன செய்தோம் என்பதே பின்னாளில் நினைவில்லை. அந்தப் பின்னாள் காட்சிகளில் திரை சதுரமாகச் சுருங்கிவிடும். அந்தச் சதுரத்தை விடாமல் கவனியுங்கள், அவ்வளவு அழகு.

காலப்பயணத் தொடரான 'டார்க்'கை மூன்று எபிசோடிலேயே நிறுத்திவிட்டதாகவும் சொன்னீர்கள். உங்களை இழுப்பது காலப்பயணம் இல்லை, அலுவலகமும் தொலைந்த நினைவும்தான் என்று தோன்றுகிறது. சரிதானா என்று பார்க்க 'ஹோம்கமிங்'கின் முதல் இரண்டு எபிசோடு போதும்.

அப்புறம், இரண்டாம் சீசனில் ஜூலியா ராபர்ட்ஸ் கிடையாது. எனக்கு அந்தப் பிடிப்பும் கிடைக்கவில்லை. முதல் சீசனோடு நிறுத்தினாலும் குறையில்லை. கடைசி எபிசோடில் பெயர்கள் ஓடியபின் ஒரு காட்சி உண்டு, விட்டுவிடாதீர்கள்.