தம்பிக்குக் கடல் பயம் வர என்ன செய்வது?

தங்கச்சி, 17 வயதுத் தம்பி மார்கழி வாடைக்காற்றுக் காலத்திலும் கூட்டாளிமாரோடு கல்லடிக் கடலில் இறங்குகிறான், ஏசினால் சிரிக்கிறான் என்று எழுதியிருந்தீங்கள்.

"செத்துப் போவாய்" என்று வெருட்டுவதை நிறுத்துங்கள். என்ன செய்வதென்று சொல்லாத பயத்தை மூளை சிரித்தே தள்ளிவிடும். அதோடு அவசரத்தை அடக்கும் முன்மூளை முதிர 20 வயது தாண்ட வேணும். கூட்டாளிமார் பார்த்துக்கொண்டு நின்றால் துணிச்சல் இன்னும் கூடும். அதனால் அவன் தனியே இருக்கும்போது கதையுங்கள்.

அவனுக்குத் தேவை ஆபத்தை அடையாளம் காணும் பயம். கரையில் உயரமான இடத்தில் 10 நிமிடம் நிறுத்தி அலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் உடையாமல் கறுத்து, அமைதியாகத் தெரியும் இடம்தான் வெளியே இழுக்கும் நீரோட்டம். நுரையும் சருகும் கடல் பக்கம் போகும். பொடியன்கள் "இங்கே அலை இல்லை" என்று இறங்குவது அங்கேதான்! அது செக்கனுக்கு 2 மீற்றர் வரை இழுக்கும். அந்த வேகத்தில் இழுத்தால், நல்ல நீச்சல்காரனாலும் அதை எதிர்த்துக் கரைக்கு வர ஏலாது. கடலில் பயம் முற்றினாலும் ஆபத்து: பதறி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துத்தான் பலர் தாழுகிறார்கள். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி, கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியேற வேணும்.

கடைசியாக, ஒரு வசனத்தை அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள்: "கூட்டாளி கூப்பிட்டால், முதலில் கறுத்த இடத்தைத் தேடுவேன், கண்டால் கால் நனைக்க மாட்டேன்." வாடை முடியும்வரை எங்கேயும் முழங்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம்.